இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட லெட்டிங் ஏஜென்ட் 12 சதவீதம் கேட்கிறார். இது நியாயமா, இதற்கு என்னென்ன செய்வார்?

12 சதவீதம் அநியாயம் இல்லை. லண்டன் பக்கம் முழு நிர்வாகத்துக்கு அதைவிடக் கூடுதலாகவும் கேட்பார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். தெற்கு லண்டனின் குரோய்டனில் என்னுடைய இரண்டு படுக்கையறை பிளாட்டை 2016 முதல் வாடகைக்கு விட்டு வருகிறேன். பணம் போனதெல்லாம் சதவீதத்தால் அல்ல, ஒப்பந்தத்தில் நான் படிக்காமல் விட்ட வரிகளால்.

முதலில், அந்த 12 சதவீதம் வாட் வரி சேர்த்ததா என்று கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் அது 14.4 சதவீதம். மாத வாடகை 1,500 பவுண்டு என்றால் மாதம் 216, வருடத்துக்கு 2,592 பவுண்டு. ஏஜென்ட்கள் தங்கள் கட்டணப் பட்டியலை வரி உட்பட அலுவலகத்திலும் இணையதளத்திலும் போட்டு வைக்க வேண்டும் என்பது 2015 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் சட்டம். அதைப் பார்த்துவிட்டே பேசப் போங்கள்.

சேவை மூன்று வகை. ஆளைப் பிடித்துக் கொடுத்து, விசாரித்து, ஒப்பந்தம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஒன்று. அதோடு மாதாமாதம் வாடகை வசூலித்துத் தருவது இரண்டாவது. பழுது பார்ப்பது, வீட்டை அவ்வப்போது போய்ப் பார்ப்பது, வாடகைதாரரின் போன் அழைப்புகளை எடுப்பது எல்லாம் சேர்ந்தது முழு நிர்வாகம். உங்களிடம் கேட்ட 12 சதவீதம் இந்த மூன்றாவதாகத்தான் இருக்கும்.

நான் எடுத்தது முதல் வகை. வாடகை 1,250 பவுண்டு. வருட வாடகையில் 8 சதவீதமும் வாட்டும் சேர்த்து 1,440 பவுண்டு கொடுத்தேன். நல்ல குடும்பம் வந்தது, சந்தோஷம். அடுத்த வருடம் அவர்களே தொடர்ந்தார்கள். ஏஜென்டிடமிருந்து மறுபடியும் 1,440 பவுண்டுக்கு பில் வந்தது. புது ஆள் பிடிக்கவில்லை, விளம்பரம் போடவில்லை, தேதி மாற்றிய ஒரு தாள் மட்டும் அனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், நாங்கள் கொண்டுவந்த வாடகைதாரர் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் கமிஷன் உண்டு என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டது நான்தானே என்று கட்டிவிட்டேன்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். அவரிடம் புலம்பியபோது, "தம்பி, எவ்வளவு எண்டு கேட்கிறீங்கள், எப்ப நிக்கும் எண்டு கேட்கேல்லையே" என்றார். அப்புறம் ஒரு விஷயமும் சொன்னார். இப்படித் தொடர் கமிஷனைப் பொடி எழுத்தில் வைப்பது சாதாரண வீட்டுக்காரர்களுக்கு நியாயமற்றது என்று 2009ல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் நலனுக்காக அப்போது இருந்த அரசு அமைப்பான ஆபீஸ் ஆஃப் ஃபேர் டிரேடிங் தொடுத்த வழக்கு அது. மூன்றாம் வருட பில் வந்தபோது அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினேன். பில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு வாங்கினால் அது வேறு கதை. அதனால் கேட்க வேண்டியதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இதில் இப்போது ஒரு பெரிய மாற்றம். வாடகைதாரர் உரிமைகளுக்கான ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டப்படி 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் ஒரு வருடம், ஆறு மாதம் என்று கெடு வைத்த வாடகை ஒப்பந்தம் கிடையாது. எல்லாம் மாதாமாதம் ஓடும் ஒப்பந்தம்தான். புதுப்பிக்க எதுவும் இல்லாதபோது புதுப்பித்தல் கட்டணத்துக்கும் இடமில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம். முழு வருட வாடகையைக் கணக்கிட்டு முன்கூட்டியே கமிஷன் வாங்கும் ஏஜென்டிடம், நான்காம் மாதமே ஆள் போய்விட்டால் மீதியைத் திருப்பித் தருவீர்களா, இல்லை இலவசமாக வேறு ஆள் பிடித்துத் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். இன்றைக்கு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்.

வாடகைதாரரைப் பற்றி விசாரிக்கும் கட்டணம், இன்வென்டரி (வீட்டின் நிலையையும் பொருட்களையும் குறிக்கும் பட்டியல்) கட்டணம் என்றெல்லாம் தனியாக வந்தால் திகைக்காதீர்கள். முன்பு இவற்றை வாடகைதாரர் தலையில் கட்டினார்கள். டெனன்ட் ஃபீஸ் சட்டம் 2019 ஜூன் 1ல் அதை நிறுத்திவிட்டது, நல்ல சட்டம். அதனால் அந்தச் செலவு நம்மிடம் வருகிறது. இதில் இன்வென்டரியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். டெபாசிட் வாடகைதாரரின் பணம். சேதம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியது நாம். குடிவரும் நாளில் எடுத்த படங்களோடு பட்டியல் இல்லையென்றால் தகராறில் நிற்க முடியாது.

பழுது வேலைகளுக்கு வருவோம். நம்மைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை இருக்கும். அதோடு, பிளம்பர் பில்லின் மேல் ஏஜென்ட் தனக்கென்று ஏதாவது சேர்க்கிறாரா என்றும் கேளுங்கள். சிலர் 10 சதவீதம் போல வைப்பார்கள். அசல் பில்லை அனுப்புவோம் என்று ஒப்புக்கொள்கிறவரோடு போவது நல்லது.

என்ன கட்டணம் கொடுத்தாலும் வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பைப் பெரும்பாலும் ஒப்படைக்க முடியாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் பதிய வேண்டும். ஏஜென்ட் மறந்தாலும், டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் வீட்டுக்காரரிடம் கேட்கலாம். வருடாந்தர கேஸ் சான்றிதழ், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மின்சாரப் பரிசோதனை, எல்லாம் அப்படித்தான். வாடகைதாரர் இங்கிலாந்தில் வாடகைக்குக் குடியிருக்கும் உரிமை உள்ளவரா என்று பார்க்கும் வேலையை மட்டும் எழுத்து மூலம் ஏஜென்டின் பொறுப்பாக மாற்றலாம், அதைச் செய்துவிடுங்கள். மற்ற ஒவ்வொன்றின் நகலும் உங்கள் மின்னஞ்சலுக்கு வர வேண்டும். நான் நாட்காட்டியில் தேதி குறித்து வைத்துக் கேட்டு வாங்குகிறேன்.

ஏஜென்ட் கடையை மூடிவிட்டுப் போனால் வாடகைப் பணம் என்ன ஆகும்? அதற்குத்தான் வாடிக்கையாளர் பணப் பாதுகாப்புத் திட்டம். 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். புகார் தீர்க்கும் அமைப்பு ஒன்றிலும் உறுப்பினராக இருக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பப் போகிறீர்களா? 2023ல் நான் கோவைக்கு வந்த பிறகு வாடகையில் 20 சதவீதத்தை ஏஜென்ட் வரியாகப் பிடித்தார். அது அவர் தவறில்லை. வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளர் என்றால் பிடித்தே ஆக வேண்டும். வரி பிடிக்காமல் வாடகை வாங்க அனுமதி கேட்கும் என்.ஆர்.எல்.1 படிவம் கொடுத்து, பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் அனுமதி வந்த பிறகு முழு வாடகையும் வருகிறது, வரியை நானே கணக்குக் காட்டிக் கட்டுகிறேன். இதைக் கிளம்பும் முன்பே செய்திருக்கலாம்.

குரோய்டனிலேயே இருந்தவரை ஆள் பிடிக்கும் சேவை எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது 10 சதவீதமும் வாட்டும் கொடுத்து முழு நிர்வாகம் வைத்திருக்கிறேன். நள்ளிரவில் பாய்லர் நின்றுபோனால் இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? கொடுக்கும் கட்டணத்தை வாடகை வருமானத்திலிருந்து செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விலகுவதற்கு எத்தனை மாத நோட்டீஸ், வாடகைதாரர் இருக்கும்போதே விலகினால் ஏதாவது கட்ட வேண்டுமா என்ற பகுதியைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பின்னூட்டத்தில் போட்டால், நானும் பார்த்துச் சொல்கிறேன்.