வெளிநாட்டுக் காணிக்கை, மலைப் பிள்ளைகளின் படிப்பு: கேள்வி பதில்

வெளிநாட்டில் ஒரு தேவாலயமோ பள்ளிவாசலோ கோயிலோ சேர்க்கும் பணம் சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் உள்ள ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு வருவது புதிதல்ல. லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827இல். அன்றைக்கு இல்லாத சட்டங்கள் இன்றைக்கு இருக்கின்றன, அவ்வளவுதான். சிறு டிரஸ்ட் நடத்துபவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே.

நாகலூர்: ஐயா, இங்கிலாந்தில் ஒரு சர்ச் டிரஸ்ட் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேரைக் காலேஜில் படிக்க வைக்கிறோம் என்கிறார்கள். எங்கள் டிரஸ்டின் பேங்க் நம்பரைக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது ஏற்காடு பேங்கில் இருக்கும் சாதாரணக் கணக்கு. அதில் வெளிநாட்டு நன்கொடை ஒரு ரூபாய் விழுந்தாலும் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியதாகும். அந்தச் சட்டம் 2010இல் வந்தது, 2020இல் இறுக்கினார்கள். இப்போது வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து விழ வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஸ்டேட் பேங்கின் புதுதில்லி மெயின் பிராஞ்ச். அங்கே கணக்குத் திறக்க உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

அனுமதி இரண்டு வகை. ஒன்று பதிவு: டிரஸ்ட் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் நிர்வாகச் செலவு போக உண்மையான சேவைக்கு மட்டும் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். கிடைத்தால் ஐந்து வருடம் செல்லும். மலையில் இருக்கும் சிறு டிரஸ்டுகள் பெரும்பாலும் இந்த 15 லட்சத்தில்தான் நின்றுவிடும். அவர்களுக்கு ஏற்றது இரண்டாவது வகை, முன் அனுமதி. இன்ன அமைப்பு, இன்ன வேலைக்கு, இவ்வளவு தொகை தரும் என்று கொடுப்பவர் எழுதிய உறுதிக் கடிதமும் ஒரு திட்ட அறிக்கையும் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் பணத்தை வாங்கி, நான்கு வருடத்துக்குள் செலவழித்து முடிக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளின் மூன்று வருடப் படிப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

விண்ணப்பம் எங்கே சிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு பெயர், பான் கார்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல், தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளமான தர்பனில் மூன்றாவது. பொறுப்பாளர்களின் ஆதாரிலும் அப்படியே: ஒரு கார்டில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். முதலில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருத்திவிட்டு அப்புறம் போர்ட்டலைத் திறங்கள்.

சூரமங்கலம்: கணக்குத் திறக்க தில்லிக்குப் போகணுமா சார்?

வேண்டாம். சேலத்தில் உங்கள் பக்கத்து ஸ்டேட் பேங்க் கிளையிலேயே காகிதங்களைக் கொடுத்தால் அவர்கள் அனுப்பிவைப்பார்கள். தில்லிக் கணக்கில் வந்த பணத்தை இங்கே, இதற்கென்று தனியாகத் திறந்த கணக்குக்கு மாற்றிச் செலவழிக்கலாம். அந்தக் கணக்கில் உள்ளூர் நன்கொடையைக் கலக்கக்கூடாது. அதில் வரும் வட்டியும் வெளிநாட்டு நன்கொடையாகவே கணக்கில் ஏறும். வட்டிதானே என்று எடுத்து வேறு செலவு செய்பவர்கள் தணிக்கையில் மாட்டுகிறார்கள்.

ஓமலூர்: துபாயில் இருக்கும் என் மச்சான் எங்கள் டிரஸ்டுக்கு மாதம் கொஞ்சம் அனுப்புகிறார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவும் அனுப்புகிறார். இரண்டும் ஒன்றுதானா?

பாஸ்போர்ட்டைப் பாருங்கள். மச்சானிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை முறையான பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. டிரஸ்டின் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். அவர் பாஸ்போர்ட் நகலை ரசீதோடு சேர்த்து வையுங்கள். சித்தப்பா சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ கார்டு வைத்திருந்தாலும், அவர் வெளிநாட்டவர்தான். அவர் ஏற்காட்டுக்கு வந்து இறங்கி ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். கொடுப்பவர் யார் என்பதுதான் கணக்கு. நோட்டில் யார் படம் இருக்கிறது என்பது கணக்கில்லை.

அஸ்தம்பட்டி: தெரியாமல் சாதாரணக் கணக்கில் பணம் வந்துவிட்டது. என்ன செய்வது?

தொடாதீர்கள். வரவு வைக்கும் முன் பேங்க் கூப்பிட்டுக் கேட்டால், ‘திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வரவு வைத்துவிட்டார்கள் என்றால் ஒரு பைசா செலவழிக்காமல் அன்றே ஆடிட்டரைப் பாருங்கள். தவறை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டித் தீர்த்துக்கொள்ள சட்டத்திலேயே வழி உண்டு. ‘பிள்ளைகளுக்குத்தானே கொடுத்தோம்’ என்று செலவழித்துவிட்டு வந்தால் அந்த வழி குறுகிவிடும்.

ஏற்காடு: பதிவு உள்ள பெரிய டிரஸ்ட் ஒன்று வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம் என்கிறது.

2020க்கு முன் அப்படித்தான் நடந்தது. இப்போது ஒரு டிரஸ்ட் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு டிரஸ்டுக்கு மாற்ற முடியாது, அந்த டிரஸ்டுக்கும் பதிவு இருந்தாலும் சரி. ஆனால் பெரிய டிரஸ்டே திட்டத்தை நடத்தலாம். காலேஜ் பீஸைக் காலேஜுக்கும், மெஸ் பணத்தை விடுதிக்கும் அவர்களே நேராகக் கட்ட வேண்டும். பிள்ளைகளை அடையாளம் காட்டுவதும், வருகைப் பதிவைப் பார்ப்பதும், வீட்டுக்குப் போய்ப் பேசுவதும் உங்கள் வேலை. பணம் உங்கள் கணக்கைத் தொடவே கூடாது. கௌரவம் குறைகிறது என்று சிலர் இதற்கு ஒப்புவதில்லை. பீஸ் ரசீது யார் பெயரில் வந்தால் என்ன?

வாழவந்தி: எதற்குப் பணம் கேட்பது என்றே தெரியவில்லை. ‘ஒரு மாணவருக்கு வருடத்துக்கு எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள்.

எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். மொத்த பீஸையும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அரசாங்கம் எதைக் கொடுக்கிறது என்று முதலில் கழித்துப் பாருங்கள்.

குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பழங்குடி மாணவருக்கு, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022இலிருந்து. பையனுக்குத் தமிழ்ப்புதல்வனில் அதே 1,000, 2024இலிருந்து. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங், மருத்துவம் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். பழங்குடியினர் நல விடுதியில் இடம் கிடைத்தால் சோறும் தங்குமிடமும் இலவசம்.

இவ்வளவும் இருந்தும் பிள்ளை ஏன் பாதியில் மலையேறி வீட்டுக்கு வந்துவிடுகிறது? உதவித்தொகை வருவது வருடக் கடைசியில், காலேஜ் பணம் கேட்பது ஜூனில். கவுன்சிலிங் விண்ணப்பக் கட்டணம், சேர்க்கை முன்பணம், விடுதியில் இடம் கிடைக்கும் வரை முதல் இரண்டு மாத மெஸ் பில், பாய் போர்வை பெட்டி, நர்சிங் என்றால் யூனிபார்மும் ஷூவும், ஐடிஐ என்றால் கருவிப்பெட்டி, ஒரு போன், மாதம் ஒரு முறை ஊருக்கு வர பஸ் காசு. மலையின் உள் கிராமத்துப் பிள்ளை முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும், அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சேலம். தினம் போய் வருவது படிக்கிற வேலை ஆகாது. இந்த இடைவெளிக்குத்தான் வெளிநாட்டுப் பணம் வேண்டும். இதை வரி வரியாக எழுதி, எதிரே ‘இதற்கு அரசு உதவி இல்லை’ அல்லது ‘உண்டு, தாமதமாக வரும்’ என்று குறித்து அனுப்புங்கள். ஒரு மாணவருக்கான முழு பீஸ் பணத்தில் மூன்று நான்கு மாணவர்களைத் தாங்கலாம், கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும்.

இன்னொன்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்ட பிள்ளைக்கு துணைத் தேர்வுக்கு முன் சில வாரம் டியூஷன். செலவு சொற்பம். அதைச் செய்யாமல் விட்டால் அந்தப் பிள்ளை எஸ்டேட் வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விடும்.

வெள்ளக்கடை: உதவித்தொகை வந்ததாகக் காட்டுகிறது, பாஸ்புக்கில் இல்லை.

ஆதாரோடு கடைசியாக இணைத்த பேங்க் கணக்குக்குப் போயிருக்கும். ஏதோ ஒரு முகாமில் திறந்து மறந்துபோன கணக்காக இருக்கும். எந்தக் கணக்கு என்று ஆதார் தளத்தில் பார்க்கலாம். சேர்க்கை நேரத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

மஞ்சக்குட்டை: ஜாதிச் சான்று இல்லாமல் சேர்க்கை நிற்கிறது.

எஸ்டி சான்று தாசில்தார் கொடுப்பதல்ல, கோட்டாட்சியர் கொடுப்பது. விசாரணை உண்டு, நாளாகும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபின் ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே போடுங்கள். அப்பாவின் சான்றோ அண்ணன் அக்கா சான்றோ இருந்தால் முதலில் அதை எடுத்து வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம். சான்றில் ‘மலையாளி’ என்றுதான் இருக்கும். அதை அப்படியே ஆங்கிலத்தில் அனுப்பினால், வெளிநாட்டுக்காரர் கேரளப் பிள்ளை என்று நினைத்து ‘சேலத்தில் ஏன்?’ என்று கேட்பார். சேர்வராயன் மலையின் பழங்குடி, பேசுவது தமிழ் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அம்மாபேட்டை: மதம் சார்ந்த அமைப்பு கொடுத்தால் அந்த மதப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுக்கணுமா?

கொடுப்பவரிடம் எழுதி வாங்குங்கள். இஸ்லாத்தில் கடமையான தானமாகிய ஜகாத் பணம் என்றால் அதற்குரியவர்கள் யார் என்று வரையறை உண்டு. பெரும்பாலான அமைப்புகள் அதை ஏழை முஸ்லிம்களுக்கு மட்டும் என்றே வைத்திருக்கும். விருப்பப்பட்டுக் கொடுக்கும் தானமாகிய சதகா என்றால் யாருக்கும் கொடுக்கலாம். ஆகவே ‘இது ஜகாத்தா, சதகாவா?’ என்பது முதல் கேள்வி. இரண்டும் வந்தால் பேரேட்டில் தனித்தனிப் பக்கம். கிறிஸ்தவ அமைப்புகள் பலவும் ‘மதம் பார்க்காமல்’ என்றே எழுதித் தரும்.

நம் பக்கத்தில் பார்க்க வேண்டியது வேறு. நீங்கள் கல்விக்கு என்று அனுமதி வாங்கியிருந்தால் அந்தப் பணத்தில் கோயில் சுவரோ சர்ச் கூரையோ கட்ட முடியாது. ‘ஜெபத்துக்கு வந்தால்தான் பீஸ்’ என்ற நிபந்தனை வாய்மொழியாகக்கூட இருக்கக்கூடாது. பதிவு ரத்தாகும் என்பது ஒரு பக்கம். பிள்ளைக்கு அது அவமானம்.

செவ்வாய்பேட்டை: நிர்வாகச் செலவு எவ்வளவு எடுக்கலாம்?

அந்த வருடம் வந்த வெளிநாட்டுப் பணத்தில் 20 சதவீதம். எட்டு லட்சம் வந்தால் 1,60,000. அலுவலக வாடகை, கரண்ட், போன், நிர்வாக ஊழியர் சம்பளம், ஆடிட் பீஸ் எல்லாம் இதற்குள். பாடம் எடுக்கும் ஆசிரியர் சம்பளம் இதில் சேராது. டிரைவரை ‘ஆசிரியர்’ என்று எழுதாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேட்டூர்: பிள்ளைகள் போட்டோவும் கதையும் கேட்கிறார்கள்.

முதல் பெயரையும் படிப்பையும் கொடுங்கள். ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், வீட்டின் கஷ்டம் மூன்றையும் முகத்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். காப்பகத்தில், குழந்தைகள் நலக் குழுவின் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளை என்றால் அடையாளம் வெளியிடுவதே இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். ஸ்பான்சர் பிள்ளையிடம் நேரடியாக வாட்ஸ்அப்பில் பேச வேண்டாம், எல்லாம் உங்கள் வழியாக வரட்டும். நல்ல அமைப்பு இதற்குக் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் யோசியுங்கள்.

அழகாபுரம்: பழைய லேப்டாப் இருபது அனுப்புகிறோம் என்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். பொருளாக வருவதும் வெளிநாட்டு நன்கொடைதான், கணக்கில் காட்ட வேண்டும். போதாததற்கு, பயன்படுத்திய கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய தனி உரிமம் வேண்டும். கஸ்டம்ஸில் கிடக்கும் நாளுக்கு வாடகையும் ஏறும். அந்தப் பணத்தை முறைப்படி வாங்கி இங்கேயே வாங்குவது மலிவு, கெட்டுப்போனால் ரிப்பேருக்கும் ஆள் உண்டு.

ஜங்ஷன்: நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை தரும் 80ஜி ரசீது கொடுத்தால் லண்டன்காரருக்கு வரிச்சலுகை கிடைக்குமா?

கிடைக்காது, அது இந்திய வரிக்கு. அவர் அங்கே பதிவான அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அந்நாட்டு அரசு வரிப்பணத்தைச் சேர்த்துத் தரும் கிஃப்ட் எய்ட் முறையில் 100 பவுண்டு 125 பவுண்டாகிறது. நேராக உங்களுக்கு அனுப்பினால் அந்த 25 இல்லை. அதனால் அவர்கள் அமைப்பு வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். மாதா மாதம் வேண்டாம், வருடத்துக்கு இரண்டு தவணை போதும். ஒவ்வொரு முறையும் இடையில் உள்ள பேங்குகள் ஒரு பிடி பிடித்துக்கொள்ளும்.

ஆத்தூர்: எங்கள் கோயில் கமிட்டி இலங்கை மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவ விரும்புகிறது. இங்கிருந்து அனுப்பலாமா?

தனிநபர் அனுப்பலாம். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் முறையில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை, பான் கொடுத்து, பேங்கில் ஏ2 படிவம் எழுதி. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். கமிட்டி டிரஸ்டாகப் பதிவாகியிருந்தால் கதை வேறு. இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவுக்குச் சாதாரணமாக வருமானவரி விலக்கு கிடைக்காது. ஆடிட்டரைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். நம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே காலேஜ் பீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கொடுக்க எந்தப் படிவமும் வேண்டாம்.

நாகலூர், மறுபடியும்: இந்த வருடம் அவர்கள் எதுவும் அனுப்பவில்லை. கணக்கு காட்ட வேண்டாம்தானே?

அனுமதி வாங்கியிருந்தால் வேண்டும். பணம் வராத வருடத்துக்கும் எஃப்சி-4 ஆண்டறிக்கை போட வேண்டும், பூஜ்யம் என்று. மார்ச்சில் முடியும் நிதியாண்டுக்கு டிசம்பர் 31 கடைசி நாள். பதிவு உள்ளவர்கள் காலாவதிக்கு நான்கு மாதம் முன்னாலேயே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அடுத்த ஜூன் சேர்க்கைக்குப் பணம் வேண்டுமானால் லண்டனுக்குக் கடிதம் இந்த அக்டோபரிலேயே போக வேண்டும்.