குதிகால் இருக்கட்டும், அந்தக் கொப்புளத்தைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 38. ஜவுளிக்கடையில் நின்றபடியே வேலை. ஆசைப்பட்டு வாங்கிய ரெட்ரோ (பழைய மாடல்) பாஸ்கெட்பால் ஷூவை இரண்டு மாதமாகப் போடுகிறேன். காலையில் குதிகாலை ஊன்றினால் உயிர் போகிறது. எலும்பு வளர்ந்திருக்கும், ஆபரேஷன்தான் என்கிறார்கள் யூடியூபில். தினம் ஒரு வலி மாத்திரை போடுகிறேன். பின்னங்காலில் ஷூ உரசிய கொப்புளம் மூன்று வாரமாக ஆறவில்லை, வலியில்லாததால் விட்டுவிட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஷூவைத் தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: ஆபரேஷன் பயத்தை முதலில் விடுங்கள். எழுந்ததும் வலித்து, நாலடி நடந்தால் குறைகிற வலி பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வு நைந்துபோவதால் வருவது. ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முள்போல நீட்டிக்கொண்டிருக்கலாம்; வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது இருக்கிறது. கட்டிலிலிருந்து இறங்குமுன் ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்குக் கவலை அந்த வலிக்காத கொப்புளம்தான். தோல் உரிந்த இடத்தில் சாக்ஸ் பட்டாலே சுள்ளென்று எரிய வேண்டும். மூன்று வாரமாக ஆறவும் இல்லை, எரியவும் இல்லை என்றால் சர்க்கரையால் நரம்பு மரத்திருக்கலாம். குதிகால் வலி தெரிகிறதே என்று கேட்காதீர்கள். வலியும் மரத்துப்போவதும் ஒரே காலில் இருக்கலாம். செருப்பில் ஏறிய டிராயிங் பின் பாதத்தில் குத்தியபடியே இரண்டு நாள் நடந்து என்னிடம் வந்தவர் உண்டு. செருப்பைக் கழற்றச் சொன்ன நர்ஸ்தான் அதைப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் மாத்திரைகூட எரிச்சலை அமுக்கியிருக்கலாம். ஊகம் எதற்கு? நாளைக்கே வெறும் வயிற்றில் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் பாருங்கள். எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்க் கணக்கில் வரும். டாக்டர் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார். சுற்றிலும் சிவந்து பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. மஞ்சள் பூசுவது, மெடிக்கல் ஷாப் பவுடர் தூவுவது எதுவும் வேண்டாம். மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள். சர்க்கரை இருந்தால் சிறுநீரகத்துக்கு அது இன்னும் கெடுதல்.

அப்புறம் ஷூ. 1985ல் வந்த நைக்கியின் முதல் ஏர் ஜோர்டான் பாஸ்கெட்பால் ஷூவில் குதிகாலுக்கடியில் மட்டும் சின்னக் காற்றுப்பை. மற்றபடி தட்டையான ரப்பர், கெட்டித் தோல். அந்த வடிவத்தில் வரும் ஷூக்கள் பெரும்பாலும் அப்படித்தான். அமெரிக்காவின் என்பிஏ பாஸ்கெட்பால் ஆட்டமே 48 நிமிடம். நீங்கள் பத்து மணி நேரம் நிற்கிறீர்கள். தூக்கிப் போட வேண்டாம், அழகாகத்தான் இருக்கும். புண் ஆறி, சோதனைகளும் சரியாக வந்தால் கல்யாணத்துக்கோ சினிமாவுக்கோ போட்டுக்கொண்டு போங்கள். கடைக்கு மெத்தென்ற அடியுள்ள ஷூ வேறு வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அந்தப் பழைய மாடல் ஷூவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தத் தையல் உரசுகிறது என்று அவர் உள்ளே கையை விட்டுப் பார்க்கட்டும்.