தந்தையருக்கும் சட்ட உதவி உண்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மனைவி மகனையும் கூட்டிக்கொண்டு வவுனியாவில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளையைப் பார்க்கக்கூட விடுகிறார்கள் இல்லை. நான் கடற்றொழிலாளி, சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை. சட்ட உதவி பெண்களுக்கு மட்டும்தானா? (குருநகர் வாசகர்)

பதில்: இல்லை தம்பி, உங்களுக்கும் உண்டு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சட்ட உதவி ஆணைக்குழு, இலவசமாக வழக்குப் பேசிக் கொடுக்க உங்கள் வருமானத்தைத்தான் பார்க்கும். யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் இருக்கிறது. வருமான வரம்பு அவ்வப்போது மாறும், அங்கேயே கேளுங்கள். அடையாள அட்டை, விவாகப் பதிவு, மகனின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரிடம் எடுத்த வருமானக் கடிதம், நீதிமன்றத்திலிருந்து ஏதாவது வந்திருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். மனைவி ஏற்கனவே அங்கே உதவி கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே சட்டத்தரணி இரண்டு பக்கமும் பேச முடியாது.

மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவா (பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது), விவாகரத்தோடு சேர்த்து மாவட்ட நீதிமன்றத்திலா என்பதைச் சட்டத்தரணி பார்த்துச் சொல்வார். 'தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டப்படி) பிள்ளை எனக்குத்தான்' என்று நினைத்துப் போகாதீர்கள். தேசவழமை சொத்து வழக்கில் பெரிய விடயம். பிள்ளை யாரோடு வளர்வது என்று வரும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. தயவுசெய்து பள்ளிக்கூட வாசலில் நின்று மகனை இழுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவன் பயந்துபோவான், உங்கள் வழக்கும் கெட்டுப்போகும்.

கேள்வி: தொழில் போய்விட்டது, பிள்ளையின் செலவுக்கு நீதிமன்றம் கட்டச் சொன்ன தாபரிப்புக் காசு மூன்று மாதமாகக் கட்டவில்லை. வழக்குத் தவணைக்கு நீதிமன்றம் போகாமல் இருக்கலாமா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. போகாவிட்டால் பிடியாணை வரும், நிலுவைக்காகச் சிறைக்கும் போக நேரலாம். கட்டளை தந்த நீதவான் நீதிமன்றத்திலேயே தொகையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். வேலை போனதற்கான கடிதத்தோடு இந்தக் கிழமையே போங்கள். முடிந்த அளவு காசைக் கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பிள்ளையைக் காட்டவில்லை என்ற கோபத்தில் காசை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது பிள்ளையின் சாப்பாட்டுக் காசு.

கேள்வி: பிள்ளைகள் என்னோடு. மனைவி நல்ல சம்பளத்தில் வேலை செய்கிறார், ஒரு சதமும் தருவதில்லை. நான் தாபரிப்புக் கேட்கலாமா? (மல்லாகம் வாசகர்)

பதில்: தாராளமாக. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் வசதியுள்ள பெற்றோர் என்றுதான் இருக்கிறது, தாயும் அதில் அடக்கம். இதற்கும் நீதவான் நீதிமன்றம்தான்.