கூகுள் ஷீட்ஸில் வேறொருவர் பூட்டிவிட்டுப் போன தாளை எப்படித் திறப்பது?

உங்கள் நிலைமையை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: உங்களுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஷீட்டைப் பூட்டி வைத்திருந்தார். இப்போது அவர் விலகிவிட்டார். எந்த செல்லில் தட்டச்சு செய்தாலும் இது பாதுகாக்கப்பட்டது என்று ஒரு செய்தி வந்து நிற்கிறது. கடவுச்சொல் எதையும் அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கடவுச்சொல்லைத் தேடுவதை இப்போதே விட்டுவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் தாளுக்குக் கடவுச்சொல் போடும் வசதியே கிடையாது. எக்செல்லில் பழகியவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் நாள்கணக்கில் அலைகிறார்கள். எக்செல்லில் 'ரிவ்யூ' பகுதிக்குப் போய் 'அன்புரொடெக்ட் ஷீட்' அழுத்தினால், பூட்டியவர் கடவுச்சொல் வைத்திருந்தால் அதைக் கேட்கும். அது தெரிந்த யாரும் திறந்துவிடலாம். ஷீட்ஸ் பார்ப்பது உங்கள் கணக்கை மட்டும்தான். எந்த மின்னஞ்சல் கணக்கில் உள்ளே வந்திருக்கிறீர்கள், அந்தக் கணக்குக்குப் பூட்டிய பகுதியைத் திருத்தும் உரிமை இருக்கிறதா என்பதே அதற்கு முக்கியம்.

அதனால் முதல் வேலையாக, வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தை அழுத்தி எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். சொந்தக் கணக்கு, வேலைக் கணக்கு இரண்டும் ஒரே உலாவியில் திறந்திருந்தால், உரிமை ஒன்றில் இருக்கும், நீங்கள் மற்றொன்றில் இருப்பீர்கள். என்னிடம் உதவி கேட்டவர்களில் சிலருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துபோயிருக்கிறது.

கணக்கு சரிதான் என்றால், கணினி உலாவியில் கோப்பைத் திறங்கள். கைபேசிச் செயலியில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மேலே 'டேட்டா' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' என்று இருக்கும். அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பலகை திறந்து, கோப்பில் போட்டிருக்கும் பாதுகாப்புகளைப் பட்டியலிடும். நீக்க வேண்டியதை அழுத்துங்கள். விவரம் திறக்கும்போது பெயர்ப்பெட்டிக்கு அருகே குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். அதை அழுத்தினால் நிச்சயமாக நீக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் பூட்டு போய்விடும்.

ஒன்றை நீக்கிய பிறகும் சில செல்கள் மறுக்கலாம். முழுத் தாளுக்கு ஒரு பாதுகாப்பு, அதே தாளில் ஒரு நெடுவரிசைக்குத் தனியாக இன்னொன்று என்று இரண்டும் இருக்க முடியும். இரண்டையும் தனித்தனியே நீக்க வேண்டும். எங்கெல்லாம் பூட்டு மிச்சமிருக்கிறது என்று கண்ணால் பார்க்க 'வியூ' மெனுவில் 'ஷோ' போய் 'புரொடெக்டட் ரேஞ்சஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்டிய செல்களின் மேல் சாய்கோடுகள் தெரியும். இந்த வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பாதுகாப்புகள் நாற்பது, ஐம்பது என்று குவிந்திருந்தால் ஒவ்வொன்றாக அழுத்தி மாளாது. 'எக்ஸ்டென்ஷன்ஸ்' மெனுவில் உள்ள ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (ஷீட்ஸுக்கான நிரல் எழுதும் இடம்) சில வரிகள் எழுதி மொத்தமாக நீக்கலாம். ஆனால் தாள் அளவிலான பாதுகாப்பையும் செல் பகுதிக்கான பாதுகாப்பையும் அது இரண்டு வகையாகவே பார்க்கிறது. ஒரு வகையை மட்டும் கேட்டு வாங்கி நீக்கிவிட்டு, ஸ்கிரிப்ட் ஓடியும் பூட்டு போகவில்லையே என்று குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டையும் கேளுங்கள். உங்களுக்கு உரிமை இல்லாததை ஸ்கிரிப்டாலும் நீக்க முடியாது.

இனி உங்கள் விஷயத்தில் நடந்திருக்கக்கூடியது. குப்பைத்தொட்டியே வரவில்லை என்றால், கோப்பில் நீங்கள் எடிட்டராக இருந்தாலும் அந்தப் பாதுகாப்பில் உங்கள் பெயர் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். எடிட்டர் என்றாலே எல்லாம் செய்யலாம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. கோப்பின் உரிமையாளருக்கு மட்டும்தான் எந்தப் பூட்டும் தடையாகாது. மற்றவர்கள் அந்தப் பூட்டின் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

'ஷேர்' பொத்தானை அழுத்தினால் 'ஓனர்' யார் என்று தெரியும். விலகியவரே ஓனர் என்றால் அவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள். அவர் உள்ளே வந்து பாதுகாப்பை நீக்குவதோ, அதில் உங்களைச் சேர்ப்பதோ இரண்டு நிமிட வேலை. அதைவிட நல்லது, உரிமையையே உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்வது. 'ஷேர்' பலகையில் உங்கள் பெயருக்கு எதிரே 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' இருக்கும். தனிப்பட்ட கணக்குகளில் நீங்கள் அதை ஏற்றுக்கொண்ட பிறகே உரிமை மாறும். கோப்பு நிறுவனக் கணக்கில் இருந்தால், அந்தக் கணக்குகளை நிர்வகிக்கும் அட்மின், ஒருவரின் கோப்புகளை வேறொருவருக்கு மாற்றித் தர முடியும். இதில் தாமதிக்காதீர்கள். விலகியவரின் கணக்கை அழிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

யாரையும் பிடிக்க முடியவில்லை என்றால் 'ஃபைல்' மெனுவில் 'மேக் எ காப்பி' இருக்கிறது. நகலுக்கு நீங்களே ஓனர், ஆகவே அதில் எந்தப் பூட்டையும் நீக்கலாம். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. இந்தப் பாதுகாப்பைப் போட்டிருப்பதே கைதவறி மாற்றிவிடாமல் இருக்கத்தான். பார்க்கவும் நகலெடுக்கவும் அது தடை போடாது. (இதே காரணத்தால், பிறர் பார்க்கக் கூடாத விவரத்தை 'பூட்டிய' தாளில் வைக்கவே வைக்காதீர்கள். தாளை மறைத்து வைப்பதும் அப்படித்தான். திருத்தும் உரிமை உள்ளவர் அதை வெளிக்கொண்டு வந்துவிடலாம்.)

ஆனால் நகலெடுப்பதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். நகலுக்கு முகவரி வேறு. பழைய இணைப்பை வைத்திருக்கும் எல்லோரும் பழைய கோப்பையே திறப்பார்கள். பழைய கோப்போடு கூகுள் ஃபார்ம் இணைந்திருந்தால், அதில் வரும் பதில்கள் அங்கேதான் போய்ச் சேரும். வேறு கோப்புகள் 'இம்போர்ட்ரேஞ்ச்' ஃபார்முலா வழியாக அதிலிருந்து எண்களை எடுத்துக்கொண்டிருந்தால் அவையும் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் நகலில் புதிதாகத்தான் தொடங்கும். ஒரே பட்டியலின் இரண்டு பிரதிகளில் இரண்டு கூட்டம் வேலை செய்துகொண்டிருப்பதைப் போன்ற தலைவலி வேறில்லை.

நீக்குவதற்கு முன்னால், இதை எதற்காகப் பூட்டினார்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து பயன்படுத்திய ஒரு பொருள் இருப்புத் தாள் என் பொறுப்புக்கு வந்தது. முழுத் தாளும் பூட்டியிருந்தது. ஒரே ஒரு நெடுவரிசையில் எல்லோரும் எழுத வேண்டியிருந்ததால், நான் மொத்தப் பாதுகாப்பையும் நீக்கிவிட்டேன். சில நாள் கழித்து ஒருவர் வேறொரு கோப்பிலிருந்து எண்களை ஒட்டியபோது, மீதி இருப்பைக் கணக்கிடும் ஃபார்முலாக்களின் மேல் அவை விழுந்துவிட்டன. அன்றைக்கு அந்த எண்கள் சரியாகவே இருந்தன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வரவும் செலவும் மாற மாற, மீதி மட்டும் அசையாமல் நின்றது. கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து, கையால் எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

செல்லில் வலது சொடுக்கிட்டு 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பார்த்து, அங்கே முன்பு ஃபார்முலா இருந்ததைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். ஒட்டியவர் மீது ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்தில் பூட்டு இருந்திருந்தால் ஷீட்ஸே அவரைத் தடுத்திருக்கும். எனக்கு முன் இருந்தவர் ஏதோ பிடிவாதத்தில் பூட்டவில்லை, அந்த நெடுவரிசையைக் காப்பதற்காகத்தான் பூட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்குத் தேவைப்பட்டது வேறு வசதி. தாள் பாதுகாப்பின் விவரத்தில் 'எக்செப்ட் சர்ட்டன் செல்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தேர்வு செய்து, மற்றவர்கள் எழுத வேண்டிய பகுதியை மட்டும் கொடுத்தால், அது திறந்திருக்கும், மீதி பூட்டியே இருக்கும். அதற்கும் மேலாக, 'செட் பெர்மிஷன்ஸ்' போனால் தடுப்பதற்குப் பதில் எச்சரிக்கை மட்டும் காட்டச் செய்யலாம். திருத்த முயன்றால் ஒரு முறை கேட்கும், தொடர்கிறேன் என்றால் விட்டுவிடும். நிதானமாக வேலை செய்யும் சிறிய குழுவுக்கு இதுவே போதும். உங்களுக்குத் தேவை மாதாமாதம் சில வரிகளை நிரப்புவது மட்டும் என்றால், முழுப் பூட்டையும் நீக்காமல் இந்த வழியில் போங்கள் என்றுதான் சொல்வேன். இதற்கும் பூட்டின் மேல் உரிமை வேண்டும் என்பதால், ஓனரிடம் எப்படியும் ஒரு முறை பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று விட்டுப்போகக் கூடாது. சில நேரம் பூட்டே இருக்காது, இருப்பதுபோல் தெரியும். கருவிப்பட்டை இருக்கும் இடத்தில் 'வியூ ஒன்லி' என்று இருந்தால் உங்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும்தான் இருக்கிறது. அதற்கு ஓனரிடம் திருத்தும் உரிமை கேட்க வேண்டும். சில மதிப்புகளை ஏற்று சிலவற்றை மட்டும் மறுத்தால், அது 'டேட்டா வேலிடேஷன்', அதாவது செல்லில் எதை எழுதலாம் என்ற விதி. அதுவும் 'டேட்டா' மெனுவில்தான் இருக்கிறது, விதியை அங்கே மாற்றலாம். இவை இரண்டும் இல்லை என்றால் மட்டும் மேலே சொன்ன பலகைக்குப் போங்கள்.