பல்லைப் பார்த்து வாங்குங்கள்: மர ராஸ்ப் கேள்வி-பதில்

இலக்குச் சுடும் ஏர் ரைஃபிளுக்கு வால்நட் மரத்தில் பிடிக்கட்டை செய்யப் போகிறேன். ஒரே ஒரு ராஸ்ப்தான் (மரத்தைத் தேய்த்துக் கழிக்கும் முரட்டுப் பல் அரம்) வாங்க முடியும் என்றால் எது? (வாசகர், ஈசூன்)

பத்து அங்குல அரைவட்டம், 9ஆம் எண் பல். யோசிக்கவே வேண்டாம். தட்டைப் பக்கம், குறிபார்க்கக் கன்னம் சாயும் கன்னமேட்டுக்கும் தோள் முனைக்கும், வளைந்த பக்கம் கைப்பிடிக் கழுத்துக்கும் உதவும். பிரெஞ்சுப் பட்டறைகளின் கணக்கில் 1 மகா முரடு, 15 மிக நைசு. கையில் காசு சேர்ந்தால் அடுத்து ஏழு அங்குலத்தில் 13ஆம் எண் வாங்குங்கள். கட்டைவிரல் அமரும் குழிக்குள்ளும் பிஸ்டல் பிடியின் கீழ்வளைவிலும் பத்து அங்குலம் நுழையாது.

பேண்ட்சாவில் அறுக்கும்போது கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் விடுங்கள். 9ஆம் எண்ணால் 1 மில்லிமீட்டர் மீதிவரை வாருங்கள், 13ஆல் அரை மில்லிமீட்டர்வரை. மிச்சத்தைச் சுரண்டும் தகடான ஸ்கிரேப்பரும் 150, 220 உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். ஆக்‌ஷன் (ரைஃபிளின் உலோக இயக்கப் பகுதி) உட்காரும் பள்ளம் உளி வேலை, ராஸ்ப் அங்கே போகக் கூடாது. அந்தப் பள்ளத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் வெளி வளைவுக்கு வரவேண்டும். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் வைஸ் அதை அசையாமல் பிடிக்கும். உருட்டிவிட்டுப் பிறகு பள்ளம் தோண்ட நினைப்பவர்கள் வைஸோடு மல்லுக்கட்டுவார்கள்.

ரைஃபிள் கட்டையைக் கிளப்பிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்க வேண்டிய இடம் காவல்துறையின் உரிமப் பிரிவு. மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

எந்த ராஸ்ப் சிறந்தது? (வாசகர், செங்காங்)

என்ன மரம், என்ன வளைவு, எவ்வளவு கழிக்க வேண்டும்? மூன்றையும் எழுதி அனுப்புங்கள். "எந்தச் செருப்பு சிறந்தது" என்று கேட்டால் கால் அளவைக் கேட்காமல் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

"கையால் வெட்டியது" என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் 25 வெள்ளிக்கு மூன்று ராஸ்ப் வாங்கினேன். மரத்தில் உழுத மாதிரி கோடு கோடாக விழுகிறது. என் கை சரியில்லையா? (வாசகர், தோ பாயோ)

உங்கள் கைமேல் குற்றமில்லை. இதே கடிதம் ஆள் மாறி, ஊர் மாறி மாதாமாதம் வருகிறது. அதனால் இந்த முறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. பத்து அங்குல ராஸ்ப் ஒன்றில் ஆயிரத்துக்கு மேல் பற்கள் இருக்கும். கையால் வெட்டுவது என்றால், கூர்முனை உளியை வைத்து ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுத்தியடி. அப்படிச் செய்த மூன்று ராஸ்ப் கப்பல் கூலியோடு சேர்த்து 25 வெள்ளிக்கு எப்படி வரும்? உண்மையிலேயே கைவெட்டு என்றால், பெரிய அளவு ஒன்றுக்கே நூறு வெள்ளிக்கு மேல் எடுத்து வையுங்கள். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு தனி. 400 வெள்ளிக்குக் குறைந்த இணையச் சரக்குக்கு வரி கிடையாது என்ற காலம் 2022ஓடு முடிந்தது.

அடுத்து, கோடு ஏன் விழுகிறது? இயந்திரம் பற்களை நோட்டுப் புத்தகக் கோடு மாதிரி நேர்வரிசையில் நிறுத்துகிறது. முன்பல் போன தடத்திலேயே பின்பல்லும் போகிறது. பள்ளம் ஆழமாகிக்கொண்டே போக, இரண்டு பள்ளத்துக்கு நடுவில் வரப்பு நிற்கிறது. அப்புறம் ராஸ்பே அந்தப் பள்ளத்தில் சிக்கித் தடதடக்கும். கையால் வெட்டும்போது இடைவெளி மயிரிழை முன்னே பின்னே ஆகும். முன்பல் விட்ட வரப்பைப் பின்பல் சீவிவிடும். உங்கள் பணம் அந்த ஒழுங்கின்மைக்குத்தான் போகிறது, "கைவினை" என்ற லேபிளுக்கு அல்ல.

பொருள் கைக்கு வந்ததும் மேசை விளக்கின் கீழே சாய்த்து, நுனியிலிருந்து நீளவாக்கில் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பற்களுக்கு நடுவே நேர்ச்சந்து ஓடினால் அது இயந்திர வேலை. பல் விளிம்புவரை வந்திருக்கிறதா, நுனியை நெருங்க நெருங்கச் சிறுக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு ஒரு நியாத்தோ மரத்துண்டில் பென்சிலால் கிறுக்கி, ஒரே தடத்தில் பத்து முறை தள்ளுங்கள். பென்சில் பட்டை பட்டையாக மிஞ்சினால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் நுனியின் நெருக்கப் படத்தைக் கேளுங்கள். படம் வராவிட்டால் காசும் போகக் கூடாது.

கைவெட்டு என்றாலே பிரான்ஸ்தான் என்றும் இல்லை. ஓரியூ, லியோஷியே இரண்டும் பிரெஞ்சு, நல்லவை. கிராமர்சி ராஸ்ப் பாகிஸ்தானில் கையால் வெட்டப்படுவது, அதுவும் துருப்பிடிக்காத எஃகில்.

உங்கள் மூன்றையும் தூக்கிப் போட வேண்டாம். முரட்டு வேலைக்கும் பிளைவுட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பசைக்கோட்டில் நல்ல ராஸ்பை ஓட்டுவது பாவம்.

பழைய சாமான் கடையில் நிக்கல்சன் ராஸ்ப் 49, 50 இரண்டும் கிடைத்தன. வாங்கலாமா? (வாசகர், கேலாங்)

வாங்கலாம். அவை பல் எண்கள் அல்ல, மாடல் எண்கள்: 49 முரடு, 50 நைசு. இயந்திரத்தில் வெட்டியதுதான், ஆனால் பல்வரிசையை வேண்டுமென்றே கலைத்து வெட்டியது. பல் நுனியில் வெள்ளைப் பொட்டு மின்னினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். விட்டுவிட்டு வாருங்கள்.

பர்மா தேக்கில் வேலை செய்தால் பல் அடைத்துக்கொள்கிறது. இரும்புத் தூரிகையால் தேய்த்தும் போகவில்லை. (வாசகர், புக்கிட் பாஞ்சாங்)

இரும்புத் தூரிகையா? போன வருடமும் எழுதினேன், அதற்கு முந்தின வருடமும் எழுதினேன். கைவெட்டு ராஸ்பில் இரும்புத் தூரிகை வேண்டவே வேண்டாம். பல்லின் கூர்முனையில் இரும்போடு இரும்பு உரசினால் முனை உருளும். விறைப்பான நைலான் தூரிகையைப் பல்வரிசைப் போக்கில் ஓட்டுங்கள். பிசின் இறுகிவிட்டதென்றால் டர்பன்டைனில் கால் மணி நேரம் ஊறவைத்துத் துலக்கி, துடைத்து உலரவிடுங்கள்.

தேக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்த மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது, மண்ணில் தேய்த்த மாதிரி பல்லைத் தின்னும். முக்கால்வாசியை இரு கைப்பிடி இழைப்புளியான ஸ்போக்‌ஷேவாலோ ஷின்டோ என்ற ஜப்பான் ரம்ப அலகு ராஸ்பாலோ கழித்துவிட்டுக் கடைசியில் ராஸ்பை எடுங்கள். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இழுத்துத் தேய்த்தால் பல் முதுகுப்பக்கமாக மழுங்கும்.

நான் இடக்கைக்காரன். (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

கைவெட்டு ராஸ்பில் பல் சாய்வு வழக்கமாக வலக்கைக்கென்று வெட்டப்படுகிறது. பிரெஞ்சுப் பட்டறைகளிடம் இடக்கை வெட்டு என்று சொல்லியே வாங்குங்கள்.

கன்னமேட்டின் விளிம்பில் சில்லு சில்லாகப் பெயர்கிறது. ராஸ்ப் நல்லதுதான். (வாசகர், உட்லண்ட்ஸ்)

நல்லதுதான், நீங்கள் அதை விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளுகிறீர்கள். விளிம்பில் நாருக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க மரம் இல்லை, அதனால் பெயர்கிறது. முதலில் விளிம்பைக் கத்தியால் கோடுவரை சாய்வாகச் சீவி எடுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே, இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுங்கள். ராஸ்ப் நாருக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருக்கட்டும். கழுத்துப் பகுதியில் தடிப்பிலிருந்து மெலிவுக்கு இறங்குங்கள், எதிர்த்து ஏறினால் நார் பிய்யும். பெயர்ந்த சில்லைத் தேடி ஒட்டிவிடலாம், அதைத் துடைப்பத்தில் கூட்டிவிடாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் கருவி வைக்கும் அலமாரி. ஒரே மாதத்தில் துரு. (வாசகர், பொங்கோல்)

நம் ஊர்க் காற்றில் ஆச்சரியமில்லை. பாதித் துரு காற்றால் வருகிறது, மீதி உள்ளங்கை வியர்வையால். வேலை முடிந்ததும் தூசியைத் துலக்குங்கள். மரத்தூளே ஈரத்தை உறிஞ்சிப் பல்லிடுக்கில் வைத்திருக்கும். ஒரு துளி மெல்லிய இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, ஒவ்வொன்றையும் தனித்தனித் துணி உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். இழுப்பறையில் ஒன்றோடொன்று உரசவிட்டால், இரும்புத் தூரிகைக்குச் சொன்ன கதைதான். ஏர்கான் அறையிலிருந்து எடுத்து நேரே வெளிநடைக்குக் கொண்டுபோனால் எஃகு வியர்க்கும். பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மறுபடி எடுக்கும்போது எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். வால்நட்டில் ஒரு சொட்டு பட்டால் மெருகு போடும்போது கறையாகத் தெரியும்.

ஷின்டோ ஒன்றே போதாதா? (வாசகர், ஈசூன்)

ரம்ப அலகுகளைக் கோத்துச் செய்த ஜப்பான் கருவி. வேகமாகத் தின்னும், அடைக்காது, விலையும் குறைவு. ஆனால் அது தட்டை. உங்கள் கட்டைவிரல் குழியை அது என்ன செய்யும்?