சேப்பலும் ஆறு வருடமும்

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். என் மகளுக்கு வேக்கோவில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பேச்சு, மொழி, செவித்திறன் குறைபாடுகளைப் பற்றிய இளங்கலை படிக்கப் போகிறாளாம். எனக்கு இரண்டு கவலை. அது பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பல்கலைக்கழகம். நாங்கள் சைவக் குடும்பம். அடுத்தது, திக்குவாய்க்குப் பயிற்சி கொடுக்க நாலு வருடப் படிப்பு எதற்கு? உங்கள் அப்பாவின் பக்கவாதத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

கே.

அன்புள்ள கே.,

முதல் கவலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பேய்லர் 1845இல், டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்தபோதே பாப்டிஸ்டுகள் தொடங்கியது. இளங்கலை மாணவர்கள் இரண்டு பருவம் சேப்பலுக்கு, அதாவது கிறிஸ்தவ வழிபாட்டுக் கூட்டத்துக்கு, போக வேண்டும். கிறிஸ்தவ வேதம், கிறிஸ்தவ மரபு என்று இரண்டு பாடங்கள் உண்டு. ஆனால் சேருகிறவர் கிறிஸ்தவராக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கலிஃபோர்னியாவின் பயோலா பல்கலைக்கழகம் வேறு ரகம். அங்கே இளங்கலையில் சேரவே கிறிஸ்தவ விசுவாசம் வேண்டும். நம் ஊரில் காலையில் கான்வென்ட்டில் ஜெபம் சொல்லிவிட்டு சாயங்காலம் பிள்ளையாரைச் சுற்றியவர்கள் எத்தனை பேர்! உங்கள் மகளுக்கும் ஒன்றும் ஆகாது.

இரண்டாவது கேள்விதான் எனக்குச் சுருக்கென்றது. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவிடம் மிஞ்சியது ஒரே சொல்: ‘சரி’. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. வயதாகிவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார்கள். புத்தியும் போய்விட்டது என்றே நாங்கள் நினைத்து, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசினோம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எட்டு மாதம் கழித்து ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தார். சின்னப் பெண், கழுத்தில் சிலுவை. ‘அய்யாவுக்கு மனப்பாடமா ஏதாவது பாட்டு தெரியுமா?’ என்று கேட்டார். தேவாரம் என்றோம். முதல் அடியை அவர் தப்பும் தவறுமாக எடுத்துக் கொடுக்க, அப்பா பாடினார். சொல் சொல்லாக, வார்த்தை விடாமல். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பாட்டு வந்ததாலேயே பேச்சு வந்துவிடவில்லை. இடது மூளை அடிபட்டவர்களில் பலருக்கு இப்படிப் பாட்டு மட்டும் தப்பிப் பிழைக்கும் என்று அந்தப் பெண்தான் சொன்னார். பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் 1861இல் பார்த்த நோயாளிக்கும் ‘டான்’ என்ற ஒரே அசைதான் மிஞ்சியிருந்தது. அந்த மனிதர் இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் பேச்சுக்கு உரிய இடம் எது என்று புரோக்கா சொன்னார். உங்கள் மகள் முதலில் படிக்கப்போவது இந்த மாதிரி விஷயங்களைத்தான். மூளை, தொண்டை, காது, ஒலியியல், குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது என்பது. திக்குவாய் அதில் ஒரு மூலை. விழுங்க முடியாத நோயாளிக்கு எதை எப்படிக் கொடுக்கலாம் என்று பார்ப்பதும் இவர்கள் வேலைதான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. நாலு வருடம் போதாது! இளங்கலையை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் முழு ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியாது. டெக்சாஸில் உதவியாளர் உரிமம் வாங்கலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் முதுகலை, பெரும்பாலும் இரண்டு வருடம். தேசியச் சான்றிதழுக்கு 400 மணி நேரம் நோயாளிகளோடு கழித்த கணக்கு காட்ட வேண்டும். அதில் 25 மணி பார்த்துக் கற்றுக்கொள்வது. பிராக்ஸிஸ் என்ற தேர்வு. அப்புறம் குறைந்தது 1,260 மணி நேரம் மூத்தவர் மேற்பார்வையில் வேலை. கேட்பியல், அதாவது செவித்திறன் பக்கம் போனால் முனைவர் நிலைப் பட்டமே வேண்டும். முதுகலை இடங்களுக்குப் போட்டி கடுமை, இளங்கலை மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பொருத்தமான கல்வியைக் கட்டாயமாக்கிய 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் பள்ளிகளுக்கு இவர்கள் தேவை.

இன்னொன்று, நீங்கள் யோசிக்காதது. அங்கே இருக்கும் என் சித்தப்பா மகனின் பையனுக்கு அப்போது நாலு வயது. ஆங்கிலத்தில் மேற்குக்கும் (west) உள்சட்டைக்கும் (vest) சேர்த்து ஒரே ‘வெஸ்ட்’ சொன்னான், தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘வ’தானே. பள்ளியில் அதைக் குறைபாடு என்று எழுதி, வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னார்கள். பாட்டிக்கு ஆங்கிலம் வராது. அரை வருடம் பேரனோடு சைகையில் ஓட்டினாள். குறைபாடு என்றால் அது தமிழிலும் தெரிய வேண்டும். அவன் தமிழில் கதை கதையாக அளப்பான். அதைக் கேட்டுச் சொல்ல அங்கே ஆள் இல்லை. உங்கள் மகளுக்குத் தமிழ் தெரியுமென்றால் அதை மெருகேற்றச் சொல்லுங்கள். எழுதவும் வரட்டும்.

பணம். பேய்லர் தனியார், கட்டணம் அதிகம். ரிச்சர்ட்சனில், உங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் கிளையிலும் இதே துறையில் இளங்கலை உண்டு. அதன் கேலியர் மையம் இந்தத் துறையில் பெயர் பெற்றது. பேய்லரில் சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆறு வருடத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் இளங்கலை மாணவர்களில் எத்தனை பேருக்கு முதுகலையில் இடம் கிடைத்தது? சேப்பலைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.