ஆறில்லாத குடாநாட்டில் ஆற்றின் வேலை: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கோப்பாய், உயர்தர மாணவி: ஐயா, வானிலையாலழிதலையும் அரித்தலையும் பரீட்சையில் எவ்வாறு வேறுபடுத்தி எழுதுவது?

பாறை இருந்த இடத்திலேயே உடைந்தோ இரசாயன மாற்றமடைந்தோ சிதைவது வானிலையாலழிதல். அவ்வாறு தளர்ந்த பொருளை நீரோ காற்றோ அலையோ பெயர்த்துக் கொண்டுசெல்வது அரித்தல். உங்கள் ஊர்ச் செம்மண்ணையே உதாரணமாக எழுதுங்கள், பிள்ளை. சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்துபோக, கரையாது எஞ்சிய களியும் இரும்பு ஒட்சைட்டும் அம்மண்ணில் சேர்ந்துள்ளன. நிலம் சமதளமாக இருப்பதால் அது பெருமளவு கழுவுண்டு போகாமல் தங்கியிருக்கிறது.

சண்டிலிப்பாய் வாசகர்: வன்னியில் பல ஆறுகள் ஓடும்போது, குடாநாட்டில் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு இல்லாதது ஏன்?

மழை குறைவு என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். அது போதாது என்பதே என் கருத்து, ஏனெனில் வன்னிக்கும் பெருமழை தருவது அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான். வேறுபாடு பாறையில் இருக்கிறது. வன்னியின் பெரும்பகுதிக்கு அடியில் நீர் எளிதில் ஊடுருவாத, கடினமான பளிங்குருப் பாறை கிடப்பதால் நீர் மேற்பரப்பில் ஓடி வழி வெட்டுகிறது. குடாநாடோ மயோசீன் காலத்தில், அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லால் ஆனது. வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்ற மழைநீர் மென்மையான அமிலமாகிக் கல்லின் வெடிப்புகளைக் கரைத்து அகலமாக்குகிறது. அகன்ற வெடிப்பினூடாக மேலும் நீர் இறங்க, கரைதலும் மிகுகிறது. இவ்வாறு மேலே பள்ளத்தாக்கை வெட்டியிருக்கக்கூடிய நீர், நிலத்தடியில் துவாரங்களையும் குகைகளையும் குடைகிறது. நிலாவரைக் கிணறு அவ்வாறு உருவான ஆழ்குழி. கடலோரத்தில் ஊறும் கீரிமலைக் கேணி அந்த நிலத்தடி நீர் வெளிப்படும் வாயில். மாரியில் மாத்திரம் ஓடி அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறு, நிலம் உடனே உறிஞ்ச முடியாத நீரின் வழி.

உரும்பிராய் வாசகி: அந்தக் கரைதல் இன்றும் நடக்கிறதா?

நடக்கிறது. உங்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு, நிலத்தடியில் கரைந்த அதே சுண்ணாம்புக்கல்தான். சூடேறும்போது காபனீரொட்சைட்டு வெளியேறுவதால், கரைந்திருந்த கல்சியம் காபனேற்று மீண்டும் திண்மமாகிறது. குகைகளில் சுண்ணாம்புத் தூண்கள் வளர்வதும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதனாலேயே.

கிளிநொச்சி, விவசாயி: கனகராயன் ஆறு பெருக்கெடுக்கும்போது மணலைக் கொண்டுவந்து, இரணைமடுக் குளத்துக்குள் நுழைந்ததும் போட்டுவிடுவது ஏன்?

ஆற்றின் சுமக்கும் வலு அதன் வேகத்தில் தங்கியுள்ளது. வேகம் இரண்டு மடங்கானால், ஆறு உருட்டக்கூடிய மிகப் பெரிய கல்லின் நிறை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது நீரியலில் அறியப்பட்ட கணிப்பு. வேகம் குறையும்போது அதே அளவில் வலு சரிகிறது. ஆகவே குளத்தின் வாயிலில் முதலில் பருமணலும் பின்னர் நுண்மணலும் இறங்க, களி வெகுநேரம் மிதந்து உள்ளே செல்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கழிமுகம் அமைப்பதும் இவ்விதியின்படியே.

நல்லூர் மாணவன்: ஆறு ஏன் வளைகிறது?

வளைவின் வெளிப்பக்கத்தில் வேகம் அதிகமாதலால் கரை அரிபடுகிறது, உட்பக்கத்தில் மணல் படிகிறது. ஆகவே தோன்றிய சிறு வளைவும் தானே பெருக்கிறது.

பருத்தித்துறை வாசகர்: ஆறே இல்லாத வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல் எங்கிருந்து வந்தது? அள்ளினால் மீண்டும் சேருமா?

குன்றுகளாகக் குவித்தது காற்று. ஆயினும் அம்பன், நாகர்கோவில் பகுதிகளின் வெண்மணல் பெரும்பாலும் குவாட்ஸ் என்னும், பளிங்குருப் பாறைகளில் காணப்படும் கடினமான கனிமம். அது சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிறக்க முடியாது. வேறிடத்துப் பளிங்குருப் பாறைகள் வானிலையால் அழிந்து, ஆறுகள் அவற்றின் மணலைக் கடலில் சேர்க்க, அலையும் கரையோர நீரோட்டமும் இங்கு கொண்டுவந்தன. ஆகவே இவ்வூர் நிலத்தையும் ஆறுகள் தொலைவிலிருந்தே ஆக்கியிருக்கின்றன. அள்ளிய மணல் ஒரு மனித ஆயுளுக்குள் அதே அளவில் திரும்பாது. அத்துடன் மணற்குன்றின் அடியில் உவர்நீருக்கு மேலே தேங்கிநிற்கும் மழைநீரும் தன் கொள்கலத்தை இழக்கிறது.